தாதுவோடு சேர்ந்த கிரானைட்டின் வயதைக் கணக்கிடுவது எப்படி?

புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் நிலவியல் படிப்பவர்களுக்குக் காலடியில் கிடைப்பது கடலூர் மணற்கல்லும் செம்மண்ணும்தான். கிரானைட்டைத் தொட்டுப் பார்க்கவே செஞ்சி வரை போக வேண்டும். வெள்ளீயம், டங்ஸ்டன் தாதுவோடு சேர்ந்த கிரானைட் என்றால் ராஜஸ்தானின் தேகானா, தென் சீனாவின் நான்லிங் என்று தூரம் இன்னும் கூடும். ஆனாலும் ஆய்வுக் கட்டுரைகளோடு வரும் அட்டவணைகளை வைத்து வீட்டுக் கணினியிலேயே நன்றாகப் பழகலாம்.

படி 1: வேதியியல்

எக்செலில் ஏ/சிஎன்கே விகிதத்தைப் போடுங்கள். அலுமினாவைச் சுண்ணாம்பு, சோடா, பொட்டாஷ் ஆக்சைடுகளின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். எடை சதவீதத்தை அப்படியே வகுக்கக் கூடாது, மோல் கணக்கில் வகுக்க வேண்டும். உதாரணமாக அலுமினா 14, சுண்ணாம்பு 0.6, சோடா 3.2, பொட்டாஷ் 5 என்று வைப்போம். முறையே 101.96, 56.08, 61.98, 94.20 என்ற மூலக்கூறு எடைகளால் வகுத்த பிறகு விகிதம் 1.19 வரும். எடையிலேயே வகுத்தால் 1.59 வந்து நிற்கும். 1-ஐத் தாண்டினால் அலுமினா மிகுந்த கிரானைட், 1.1-ஐத் தாண்டினால் மிக அதிகமாக மிகுந்தது.

படி 2: சுவடு தனிமங்கள்

ருபிடியம்/ஸ்ட்ரான்சியம் கூடி, சிர்கோனியம்/ஹாஃப்னியம், நியோபியம்/டாண்டலம் விகிதங்கள் இரண்டும் குறைந்திருந்தால் மாக்மா (உருகிய பாறைக்குழம்பு) நன்றாகப் பிரிந்து முதிர்ந்திருக்கிறது. வெள்ளீயம் தேடுபவர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான்.

படி 3: வயது

கிரானைட்டில் இருக்கும் சிர்கான் என்ற சிறு தாதுப் படிகம் உருவாகும்போது யுரேனியத்தை ஏற்கும், ஈயத்தை ஏறக்குறைய ஏற்காது. பிறகு அதில் சேரும் ஈயம் யுரேனியம் சிதைந்து வந்தது. அதனால்தான் அது நம்பகமான கடிகாரம். கணக்குக்கு நான் சொல்வது ஐசோபிளாட்ஆர் (IsoplotR) என்ற மென்பொருள். இலவசம், பிரவுசரிலேயே ஓடும். பழைய ஐசோபிளாட் எக்செல் துணைநிரலுடன் மல்லுக்கட்ட வேண்டாம்.

இங்கேதான் நிதானம் வேண்டும். தலைப்பு வரியை விட்டுவிட்டு எண்களை மட்டும் ஒட்டுங்கள். அப்புறம் பிழை எந்த வடிவில் இருக்கிறது என்று அட்டவணையின் அடிக்குறிப்பைப் பாருங்கள்: ஒரு சிக்மாவா (திட்ட விலக்கம்), இரண்டா? சதவீதமா, நேர் மதிப்பா? இரண்டு சிக்மா எண்களை ஒரு சிக்மா என்று கொடுத்தால் வயதின் பிழை இரட்டிப்பாகும், எம்எஸ்டபிள்யூடி (MSWD, புள்ளிகளின் சிதறல் பிழைகளோடு பொருந்துகிறதா என்று காட்டும் எண்) நான்கில் ஒன்றாகச் சுருங்கிவிடும். வரைபடம் அழகாகத் தெரிவதால் யாருக்கும் சந்தேகமே வராது. 1-க்கு அருகே இருக்க வேண்டிய எம்எஸ்டபிள்யூடி 0.25 என்று வந்தால் உடனே அடிக்குறிப்புக்குத் திரும்புங்கள்.

அட்டவணையில் பிழைகளின் தொடர்புக் குணகம் (இரண்டு விகிதங்களின் பிழைகள் எந்த அளவு சேர்ந்து மாறுகின்றன என்ற எண்) இல்லையா? யுரேனியம்-ஈய விகிதங்களை வரையும் இரண்டு வழிகளில் டெரா-வாசர்பர்க் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். அதில் குணகத்தைப் பூஜ்யமாக விட்டாலும் பெரிய சேதம் இல்லை. மற்ற வழியான வெதரில் வரைபடத்தில் அப்படி விட முடியாது.

படி 4: சலித்தல்

சிர்கான்களில் அளந்த எல்லாப் புள்ளிகளையும் சேர்த்துச் சராசரி எடுக்காதீர்கள். சிர்கானின் நடுக்கரு பழைய பாறையிலிருந்து வந்ததாக இருக்கலாம். அது மாக்மாவின் வயதைச் சொல்லாது. கேதோடொலூமினசன்ஸ் படத்தை (எலக்ட்ரான் கற்றை பட்டுப் படிகம் ஒளிரும்போது உள் வளையங்களைக் காட்டும் படம்) பார்த்து, விளிம்பு வளையத்தில் விழுந்த புள்ளிகளை மட்டும் எடுங்கள்.

படி 5: தாது

இதுவரை கிடைத்தது கிரானைட்டின் வயது. தாதுவின் வயதை மாலிப்டினைட்டின் (மாலிப்டினம் தாது) ரீனியம்-ஆஸ்மியம் முறையிலோ, காசிட்டரைட்டின் (வெள்ளீயத் தாது) யுரேனியம்-ஈய முறையிலோ தனியாக எடுக்க வேண்டும். நான்லிங்கில் டங்ஸ்டன்-வெள்ளீயத் தாதுக்களில் பெரும்பாலானவையும் அவற்றோடு சேர்ந்த கிரானைட்டுகளும் 16 முதல் 15 கோடி ஆண்டுகளுக்குள் வருகின்றன. இரண்டு வயதும் பிழை எல்லைக்குள் ஒத்துப்போனால்தான் இந்தக் கிரானைட்டே தாதுவைத் தந்தது என்று வாதிடலாம். பக்கத்தில் இருக்கிறது என்பது மட்டும் போதாது.

பின்சேர்க்கை: "என் புள்ளிகள் சிதறி, இளமையான பக்கமே சரிகின்றன" என்று கடலூரிலிருந்து ஒரு மாணவி கேட்டிருந்தார். அட்டவணையில் யுரேனியம் அளவு தரும் நெடுவரிசையைப் பாருங்கள். முதிர்ந்த கிரானைட்டின் சிர்கானில் யுரேனியம் மிகுந்து, கதிர்வீச்சு படிகத்தைச் சிதைத்து, ஈயம் கசிந்துவிடும். அந்தப் புள்ளிகளைக் காரணத்தோடு விலக்குங்கள். எஞ்சுவது போதாது என்றால் அதே பாறையில் மோனசைட் என்ற, வயது கணக்கிட உதவும் இன்னொரு தாதுவைத் தேடுங்கள்.