இரண்டு கம்பு, ஒரு கயிறு: கடற்கரை மணலை நீங்களே அளக்கலாம்

சென்னைத் துறைமுகத்தின் கட்டுமானம் 1876-இல் தொடங்கியது. தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை அதன் அலைத்தடுப்புச் சுவர் மறித்தது. மெரினா அகன்றது, ராயபுரத்துக்கு வடக்கே கரை அரித்து, கருங்கல் கொட்ட வேண்டியதாயிற்று. உங்கள் ஊர்க் கரையும் மாறிக்கொண்டுதான் இருக்கும். "முன்பெல்லாம் எவ்வளவு அகலம்!" என்ற பேச்சைக் கணக்காக மாற்ற, கடல் நிலவியலாளர் கே. ஓ. எமரி 1961-இல் எழுதிய எளிய முறை இன்றும் போதும்.

கருவி: 1.5 மீட்டர் நீளத்தில் நேரான பிவிசி குழாய் இரண்டு. தையல்காரர் டேப்பும் சரியாக 150 செ.மீ. என்பதால், சுழி (0) மேல்நுனியில் வரும்படி அப்படியே ஒட்டிவிடலாம். இரண்டையும் 2 மீட்டர் கயிற்றால் இணையுங்கள். அடியில் ஒரு சிறு பலகை வட்டத்தைப் பொருத்த மறக்காதீர்கள். ஈர மணலில் குழாய் ஒவ்வொரு முறையும் 1 செ.மீ. புதைந்தால், இருபது முறை நகர்த்துவதற்குள் 20 செ.மீ. பிழை சேரக்கூடும்.

தொடக்கப் புள்ளி: அலை எட்டாத, அசையாத ஒன்று: கோயில் மதில், பாலத்தூண். அதில் பெயின்ட்டால் குறியிட்டுப் படம் எடுத்துவையுங்கள். குறி தொலைந்தால் பழைய அளவுகளோடு ஒப்பிடவே முடியாது.

அளவு: அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் நன்றாக வற்றும், அந்த வற்று நேரத்துக்குப் போங்கள். அடிவானம் தெளிவாகத் தெரிய வேண்டும். ஒருவர் குறியருகே நிற்க, மற்றவர் கயிறு விறைக்கும்வரை கடலை நோக்கி நேராக நடக்கட்டும். கரைப்பக்கம் நிற்பவர், முன்குழாயின் நுனியும் அடிவானமும் ஒரே கோட்டில் வரும்வரை கண்ணைத் தாழ்த்தி, அந்தக் கோடு தம் குழாயை வெட்டும் எண்ணைப் படிக்க வேண்டும். அதுதான் இறக்கம். மணல் ஏறினால் தம் குழாயின் நுனி வழியாக அடிவானத்தைப் பார்த்து, முன்குழாயில் எண்ணைப் படிக்க வேண்டும். பிறகு பின்குழாய் முன்குழாயின் தடத்துக்கு வரும். முழங்கால் ஆழத்தோடு நிறுத்திவிடுங்கள்; தனியாக ஒருபோதும் இறங்காதீர்கள்.

கணக்கு: இறக்கம் 6, ஏற்றம் 2, இறக்கம் 11 என்றால் உயரங்கள் −6, −4, −15 செ.மீ. இவற்றை வரைதாளில் இணைத்தால் கரையின் வடிவம் கிடைக்கும். அடுத்த அளவில் 30 மீட்டர் தூரத்துக்குச் சராசரியாக 0.4 மீட்டர் தாழ்ந்திருந்தால், கரையின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 12 கன மீட்டர் மணல் போயிருக்கிறது.

போன மணலெல்லாம் அழிந்த மணல் அல்ல. வடகிழக்குப் பருவமழைக் காலத்தின் பேரலைகள் அதில் ஒரு பகுதியை ஆழமற்ற கடலுக்குள் திட்டாகச் சேர்த்துவைக்கும்; கடல் அடங்கியதும் சிற்றலைகள் மெல்லக் கரைக்குத் திருப்பும். சோழமண்டலக் கரையில் அந்த மாதங்களில் நீரோட்டமும் தெற்கே திரும்பிவிடும். ஆகவே டிசம்பர் அளவை ஜூன் அளவோடு ஒப்பிட்டு அரிப்பு என்று அறிவிப்பது தவறு. டிசம்பரை டிசம்பரோடு வையுங்கள், சில ஆண்டுகளுக்கு. புயல் கரையைக் கடந்தால், கடல் அடங்கியதும் ஒருமுறையும் அடுத்த மாதம் ஒருமுறையும் அதே குறியிலிருந்து அளந்து, திரும்பி வந்த மணலைத் தனியாகக் குறித்துவையுங்கள்.