ஸ்டார் எத்தனைக்கு எத்தனைனு பாத்துட்டு படிங்க

அமெரிக்க சினிமா விமர்சகர் ரோஜர் ஈபர்ட்டோட பழைய விமர்சனமெல்லாம் தேடிப் படிக்கிறவங்க ஒண்ணு கவனிங்க, அவர் ஸ்டார் போட்டது 5-க்கு இல்ல 4-க்கு, அதனால அவர் 3 போட்டா தாராளமா பாக்கலாம்னு அர்த்தம், நான் ரொம்ப நாளா அத சுமார் படம்னு நெனச்சு தள்ளி விட்டுட்டே இருந்தேன். சிகாகோ சன் டைம்ஸ் பேப்பர்ல 1967-லேருந்து 2013 வரைக்கும் எழுதுன மனுஷன். எல்லா படத்தையும் ஒரே தராசுல வச்சதில்ல, சூப்பர்ஹீரோ படத்த இன்னொரு சூப்பர்ஹீரோ படத்தோடதான் ஒப்பிட்டார், 1978 சூப்பர்மேனுக்கு 4ன்னா ஹெல்பாய்க்கு 3, பனிஷருக்கு 2ன்னு அவரே கணக்கு சொல்லிருக்கார். அதனால பேய்ப் படத்துக்கு போட்ட 3-ஐயும் குடும்பப் படத்துக்கு போட்ட 3-ஐயும் பக்கத்துல வச்சு எது பெட்டர்னு மண்டைய ஒடச்சுக்காதீங்க. ரெண்டரை போட்டிருந்தா மட்டும் ஸ்டார விட்டுட்டு உள்ள எழுதுனத ஒரு தடவ படிங்க, சங்கதி அங்கதான் இருக்கும்.