பார்க்கின்சன்: கால் எழவில்லை என்றால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள்

பார்க்கின்சன் என்ற நரம்பு நோய் உள்ளவர் நடக்கத் தொடங்கும்போது பாதம் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடலாம். பிடிவாதம் என்று தயவுசெய்து திட்டாதீர்கள். யோசிக்காமலே நடையைத் தொடங்கிவைக்கும் மூளையின் ஆழ்பகுதியில் டோபமின் என்ற வேதிப்பொருள் குறைந்துவிட்டது, அவ்வளவுதான். இழுத்தால் மேலுடம்பு மட்டும் முன்னே வரும், பாதம் வராது, விழுந்துவிடுவார்.

நேராக நிற்கச் சொல்லி, எடையை இரண்டு கால்களுக்கும் மாறி மாறி மாற்றச் சொல்லுங்கள். பிறகு “ஒண்ணு, ரெண்டு, வைங்கப்பா” என்று தாளமாக எண்ணுங்கள். கண்ணுக்கு ஒரு கோடோ காதுக்கு ஒரு தாளமோ கிடைத்தால் மூளை பெரும்பாலும் வேறு வழியில் காலை எடுக்கவைக்கும்.

அதிகம் தடுமாறுவது வாசலிலும் திரும்பும் இடத்திலும்தான். அங்கே பளிச்சென்ற நிற டேப்பைக் குறுக்குக் கோடுகளாகத் தரையில் ஒட்டி, ஒவ்வொன்றாகத் தாண்டச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் வேறு பேச்சு வேண்டாம்.

பார்க்கின்சன் மாத்திரையின் பலன் குறையும் நேரத்தில்தான் இப்படி ஆகிறதா என்று குறித்துவைத்து, நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.