அவர் எங்கே நிற்பார்? கல்லூரி சென்டரை டிராஃப்டுக்கு முன் எடைபோடும் முறை

அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு 8 மணிக்கு என்பிஏ டிராஃப்ட், அதாவது அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கின் அணிகள் புது ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு, தொடங்கும்போது கோலாலம்பூரில் மறுநாள் காலை 8 மணி. பசியாறிக்கொண்டே பார்க்கலாம். "ஏழடி ஆள், ஆட்டத்துக்கு 20 புள்ளி, நம் அணிக்கு நல்ல சென்டர் இல்லை, எடுக்க வேண்டியதுதானே?" என்று பிரிக்ஃபீல்ட்ஸ் கடை மேசைகளில் பேச்சு எழும் நேரமும் அதுதான். அந்தப் பேச்சுக்குப் பதில் புள்ளிப் பட்டியலில் கிடைக்காது. வளையத்தடியில் ஆடும் உயரமான ஆட்டக்காரரான சென்டரைப் பொறுத்தவரை கேட்க வேண்டியது ஒன்று: என்பிஏ விதியில் அவர் களத்தில் எங்கே நிற்பார், அவருக்குப் பக்கத்தில் யார் நிற்பார்கள்?

மலேசியாவில் கூடைப்பந்து பார்த்துப் பழகிய கண்ணுக்கு இங்கே ஒரு திருத்தம் வேண்டும். நம் உள்ளூர்ப் போட்டிகள் ஃபிபா (அனைத்துலகக் கூடைப்பந்துச் சங்கம்) விதிப்படி நடப்பவை. 2016இல் வெஸ்ட்போர்ட்ஸ் மலேசியா டிராகன்ஸ் பட்டம் வென்ற ஏசியான் கூடைப்பந்து லீக்கும் அப்படியே நடந்தது. அந்த விதியில், காக்கும் சென்டர் வளையத்தின் கீழ் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்திலும் தடையில்லை. என்பிஏவில் 2001–02 பருவம் முதல் தடை இருக்கிறது. கையெட்டும் தூரத்தில் எதிராளி ஒருவரைக் காக்காமல் பெயிண்டுக்குள் (வளையத்தின் முன்னுள்ள செவ்வகப் பகுதி) மூன்று விநாடிக்கு மேல் நின்றால் டெக்னிக்கல் ஃபவுல். எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ, பந்தும் அவர்களுக்கே. கல்லூரியில் நின்ற இடத்திலேயே ஆட்டத்துக்கு மூன்று பிளாக் (எதிராளியின் வீச்சைத் தட்டிவிடுவது) எடுத்தவர் இங்கே உள்ளே வந்து, வெளியே போய், மறுபடி உள்ளே வர வேண்டும். கால் வேகம் இல்லாதவரின் பிளாக் கணக்கு இங்கேதான் சரியும்.

தூரங்களை நேரில் பார்க்க வேண்டுமானால் ஃபிபா கோடுகள் போட்ட எந்த உள்ளூர்த் திடலுக்கும் போகலாம். அங்கே மூன்று புள்ளி வளைவு 6.75 மீட்டர், கல்லூரி ஆண்கள் ஆட்டத்தில் 2019–20 முதல் அதே அளவு. என்பிஏ வளைவின் உச்சி 7.24 மீட்டர். அதாவது திடலின் வளைவிலிருந்து சுமார் அரை மீட்டர் பின்னே. பெயிண்டின் அகலம் மட்டும் நேர்மாறு: திடலில் இருக்கும் 4.9 மீட்டர்தான் என்பிஏ அளவு, கல்லூரியில் 3.66 மீட்டர்தான். கல்லூரியில் வளையத்துக்கு முதுகு காட்டி, இடித்து இடம்பிடித்து, ஒரே அடியில் திரும்பிப் போடும் சென்டருக்கு என்பிஏவில் பந்து கிடைக்கும் இடம் வளையத்திலிருந்து இன்னும் தள்ளி இருக்கும். இரண்டாவது அடி வைப்பதற்குள் உதவிக்கு ஆள் வந்துவிடுவார்.

இனி வேலைக்கு வருவோம். முதலில் அணியை எழுதுங்கள், ஆட்டக்காரரை அல்ல. சென்டரும் அவருக்குப் பக்கத்தில் ஆடும் பவர் ஃபார்வர்டும் யார், ஒப்பந்தம் எத்தனை ஆண்டு பாக்கி? அந்த இருவரில் வெளியிலிருந்து போடுபவர் யார்? பிக் அண்ட் ரோல் (ஒருவர் காப்பாளரை உடம்பால் மறித்து ஸ்கிரீன் போட்டு, பிறகு வளையத்தை நோக்கி ஓடும் ஆட்டம்) வந்தால் பயிற்சியாளர் சென்டரைப் பின்னே நிறுத்தும் டிராப் முறையை விரும்புகிறாரா, ஆள் மாற்றும் சுவிட்ச் முறையையா? பந்தை உயரத் தூக்கிக் கொடுக்கத் தெரிந்த கார்டு (பந்தை நடத்தும் வெளி ஆட்டக்காரர்) இருக்கிறாரா? இந்த நான்குக்கும் விடை எழுதாமல் "சென்டர் தேவை" என்று சொல்வதில் பொருளே இல்லை.

ஃபிலடெல்ஃபியா 2015இல் 3ஆம் இடத்தில் டியூக் பல்கலைக்கழகத்தின் ஜலீல் ஓகஃபோரை எடுத்தது. நெர்லென்ஸ் நோயலும் ஜோயல் எம்பீடும் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். ஓகஃபோர் முதல் பருவத்தில் சராசரி 17.5 புள்ளி எடுத்தார். ஆனாலும் மூவருக்கும் வேண்டியது வளையத்தடி இடமே. 2017 டிசம்பரில் அவர் புரூக்ளினுக்குப் போனார். கிளீவ்லாந்திலும் ஜாரெட் ஆலன் இருக்கும்போதே 2021இல் எவன் மோப்லியை 3ஆம் இடத்தில் எடுத்தார்கள். அது பலித்தது. மோப்லி வெளியே போய் கார்டுகளையும் காத்து, திரும்பி வளையத்தையும் காப்பார். 2024–25இல் சிறந்த காப்பாளர் விருது அவருக்கு. அந்தப் பருவத்தில் அணிக்கு 64 வெற்றி. இரண்டு உயரக்காரர்களைச் சேர்ப்பதில் தவறில்லை, அவர்கள் நிற்கும் இடம் ஒன்றாக இருந்தால்தான் சிக்கல்.

அடுத்து எண்கள். ஆட்டத்துக்கு எத்தனை என்பதை விட்டு, 40 நிமிடத்துக்கு எத்தனை என்று மாற்றுங்கள். ரீபவுண்டும் (தவறிய வீச்சைப் பிடிப்பது) பிளாக்கும் ஓரளவு நம்பகமாக என்பிஏவுக்கும் போகும். புள்ளி அப்படிப் போகாது. பலரும் பார்க்கத் தவறுவது ஃபவுல். 22 நிமிடம் ஆடி 3.3 ஃபவுல் வாங்குபவர் 40 நிமிடக் கணக்கில் 6 வாங்குகிறார். கல்லூரியில் 5க்கு வெளியேற்றம் என்பதால் பயிற்சியாளர் அவரை அடிக்கடி உட்கார வைத்துக் காப்பாற்றியிருப்பார். ஒரு ஆட்டத்தின் எண்ணிக்கை அதனால்தான் சிறியதாகத் தெரிகிறது. 40 நிமிடத்துக்கு 5ஐத் தாண்டினால் முதல் பருவத்தில் அவரை நம்பித் தொடக்க ஐவரை அமைக்கக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

மூன்று புள்ளி விழுக்காட்டை அப்படியே நம்ப வேண்டாம். பருவம் முழுக்க 30 வீச்சில் 12 விழுந்தால் 40 விழுக்காடு. மூன்று மட்டும் தவறியிருந்தால் 30 விழுக்காடு. 150 ஃப்ரீ த்ரோ போட்டிருந்தால் கையின் தரத்துக்கு அதுவே நல்ல சாட்சி. 75 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் வெளி வீச்சைக் கற்றுக்கொள்ள வாய்ப்புண்டு. 55இல் இருப்பவருக்காக "வளர்ந்தபின் போடுவார்" என்று வாதாடாதீர்கள். நவம்பர், டிசம்பர் மாதங்களில் சிறிய கல்லூரிகளோடு ஆடியவற்றைக் கழித்துவிட்டு மறுபடி கணக்கிடுங்கள். ஆறரை அடி எதிராளிமேல் எடுத்த ரீபவுண்டுகள் அதில் உதிரும். வயதும் எழுதுங்கள்: 19 வயதில் 10 ரீபவுண்டும் 23 வயதில் 10 ரீபவுண்டும் ஒன்றல்ல. ஆட்டங்களே போதாதென்றால் எண்களைத் தொடவே வேண்டாம். 2020இல் கோல்டன் ஸ்டேட் 2ஆம் இடத்தில் எடுத்த ஜேம்ஸ் வைஸ்மன் கல்லூரியில் ஆடியது மூன்றே ஆட்டம்.

நேரம் அதிகம் போக வேண்டிய இடம் காணொளி. தொகுப்புக் காட்சிகளை ஒதுக்கிவிட்டு, பலமான எதிரணிகளோடு ஆடிய மூன்று நான்கு முழு ஆட்டங்களை எடுங்கள். அவற்றில் அவர் காத்த 30 பிக் அண்ட் ரோலைத் தேடி எழுதுங்கள். பந்தைப் பார்க்காதீர்கள், அவர் கால்களைப் பாருங்கள். ஸ்கிரீன் விழும் கணத்தில் அவர் எத்தனை அடி பின்னே இருக்கிறார்? பின்னோக்கி நகரும்போது இடுப்பு தாழ்ந்திருக்கிறதா, முதுகு நிமிர்ந்து நிற்கிறதா? கார்டு வேகத்தை நிறுத்தி மறுபடி எடுக்கும்போது அவர் கால் பின்னுகிறதா? பந்து ரோல் ஆளுக்குப் போனால் இரண்டாவது முறை குதிக்க முடிகிறதா? நேராகத் தாவி பிளாக் எடுப்பவர்கள் நிறையப் பேர். குதித்து இறங்கி உடனே மறுபடி எழுபவர்கள் குறைவு, அவர்களைத்தான் அணிகள் தேடுகின்றன.

அதே காணொளியில் தாக்குதல் பக்கம் மூன்று விஷயம் போதும்: ஸ்கிரீனில் உண்மையிலேயே ஆளை இடிக்கிறாரா, இடித்தபின் வளையத்துக்கு ஓடுகிறாரா, நடுவில் பந்து கைக்கு வந்து நான்குக்கு மூன்று என்று ஆகும்போது எந்த மூலைக்குக் கொடுக்கிறார். முதுகு காட்டி ஆடும் காட்சிகளுக்கு அரைமணிக்குமேல் செலவிட வேண்டாம்.

மே மாதம் சிகாகோவில் நடக்கும் கம்பைன் (டிராஃப்டுக்கு வருபவர்களை அளந்து சோதிக்கும் முகாம்) அளவுகளில் உயரத்தைவிட, நின்றபடி கையெட்டும் உயரம் முக்கியம். சென்டருக்கு 9 அடி, அதாவது சுமார் 2.74 மீட்டர், இருந்தால் நிம்மதி. லூகா கார்சா 2021இலும் சாக் ஈடி 2023, 2024இலும் கல்லூரியின் தேசியச் சிறந்த ஆட்டக்காரர்கள். இருவரும் வளையத்தடியில் புள்ளி குவித்தவர்கள். கார்சா 52ஆம் இடத்தில் போனார். ஈடியை மெம்ஃபிஸ் 9ஆம் இடத்தில் எடுத்தது. ஈடி 7 அடி 4 அங்குலம். டிராப் முறையில் மெதுவாக நகர்ந்தாலும் அந்த நீளம் வீச்சைத் தடுக்கும்; கார்சாவுக்கு அந்தச் சலுகை இல்லை.

விலையை மறக்காதீர்கள். முதல் சுற்றுத் தேர்வுக்கு முதல் இரண்டு ஆண்டுச் சம்பளம் உறுதி. மூன்றும் நான்கும் அணியின் விருப்பம். இரண்டாம் சுற்றில் அந்தக் கட்டாயம் இல்லை. டிரேமண்ட் கிரீன் 2012இல் 35ஆம் இடத்தில்தான் கிடைத்தார். டிராப் முறை சென்டர் மட்டுமே தேவைப்படும் அணி முதல் ஐந்து இடத்தைச் செலவழிக்கத் தேவையில்லை: 2022இல் வாக்கர் கெஸ்லர் 22ஆம் இடம்வரை காத்திருந்தார்.

ஜூலையில் புதியவர்கள் ஆடும் லாஸ் வேகாஸ் சம்மர் லீக்கில் உங்கள் குறிப்பைச் சரிபார்க்கலாம். அங்கே கால்பகுதிக்கு 10 நிமிடம்தான். வெளியேற்றமோ 10 ஃபவுலுக்கு. ஆகவே அவர் கடைசிவரை ஆடினார் என்பதை நல்ல செய்தியாக எடுக்காமல், ஃபவுலை மறுபடி 40 நிமிடக் கணக்குக்கு மாற்றி, கல்லூரி எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.