ஓணான் ஏன் ஓடி ஓடி நிக்குது? வீட்டுப் பக்கத்துலயே கவனிச்சு பாக்குறது எப்படி

வேலியில இருந்து இறங்குற ஓணான் விருட்டுன்னு ஓடும், கொஞ்ச தூரம் போனதும் டக்குனு நிக்கும், திரும்ப ஓடும், சின்ன வயசுல இருந்து பாக்குறோம் ஆனா ஏன் நிக்குதுன்னு கேட்டிருக்க மாட்டோம். கையில ஒரு போன் இருந்தா போதும், நீங்களே கண்டுபிடிக்கலாம்.

முதல்ல காலையில வெயில் ஏறுற நேரத்துல போங்க. அதுக்கு நம்மள மாதிரி உடம்புக்குள்ள சூடு உண்டாக்க முடியாது, வெயில் வாங்கி தசை சூடானாத்தான் வேகம் வரும், அதனால விடியக்காலையில மந்தமாத்தான் இருக்கும். அதே ஓணான பத்து மணிக்கு பாருங்க, நீங்க போன் எடுக்குறதுக்குள்ள மரத்துக்கு அந்தப் பக்கம் போயிருக்கும். சூடு அளவு தாண்டினாலும் வேகம் சட்டுனு விழுந்துரும், உச்சி வெயில்ல நிழலுக்கு ஒதுங்குறது அதுக்குத்தான்.

அடுத்து தரையில ஓடுறத ஸ்லோ மோஷன்ல எடுங்க, மாடியில இருந்து எடுத்தா இன்னும் நல்லது. உடம்பு இடமும் வலமும் பாம்பு மாதிரி வளையும். அந்த விலாப் பக்கத்து தசைதான் மூச்சு இழுக்கவும் வேணும், ரெண்டு வேலையும் ஒரே நேரத்துல சரியா நடக்காது, 1987ல டேவிட் கேரியர்னு ஒரு ஆராய்ச்சியாளர் இத எடுத்து சொன்னாரு. அப்ப வேகமான ஓட்டம் பெரும்பாலும் ஆக்சிஜன் இல்லாமத்தான் ஓடுது, தசையில லாக்டிக் ஆசிட் சேந்து சீக்கிரமே ஓஞ்சு போயிடும். நிக்கிறது சுத்திமுத்தி பாக்கவும்தான், ஆனா நின்னதும் விலாவ ஜூம் பண்ணி பாருங்க, குபுகுபுன்னு ஏறி இறங்கும்.

தயவுசெஞ்சு வீடியோவுக்காக துரத்தாதீங்க, பசங்கள கல்லெறியவும் விடாதீங்க. ஓடி ஓஞ்சு போன ஓணான் பழையபடி தெம்பாக ரொம்ப நேரம் ஆகும், அந்த நேரத்துல ஒரு பூனை வந்தா அதோட கதை முடிஞ்சுது.

உடும்பு மட்டும் இதுக்கு ஒரு வழி வச்சிருக்கு, நடக்கும்போதே தொண்டைய பம்பு மாதிரி அமுக்கி நுரையீரலுக்குள்ள காத்த தள்ளும். 1999ல ஆப்பிரிக்க சவானா உடும்ப டிரெட்மில்ல நடக்க விட்டு, வாய மூட முடியாம பண்ணி பாத்தாங்க, பம்பு நின்னு போச்சு, மூச்சும் குறைஞ்சிருச்சு. எங்கயாவது உடும்பு போறத பாத்தீங்கன்னா தள்ளி நின்னு தொண்டைய கவனிங்க, எனக்கு இதுல ரொம்ப பிடிச்ச காட்சி அதுதான்.

ராத்திரி ஜன்னல் கண்ணாடியில பல்லி இருந்தா மறுபக்கம் போய் விரல் அடிப்பகுதிய பாருங்க, வரிவரியா தெரியும், அதுல கண்ணுக்கு தெரியாத மயிரிழை லட்சக்கணக்குல இருக்கு, பசையே கிடையாது. கால் எடுக்குறப்ப விரல் நுனி முதல்ல மேல சுருண்டு, ஸ்டிக்கர் உரியுற மாதிரி கழண்டு வரும்.