முடக்குவாத மருந்துகளோடு இங்கிலாந்துக்கு வருபவர்களுக்கு

வந்த முதல் வாரத்திலேயே வீட்டருகே உள்ள ஜிபியிடம் (குடும்ப மருத்துவர்) பதிந்துகொள்ளுங்கள். முகவரிச் சான்று இல்லாமலும் பதியலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்கலாம். முடக்குவாதத்துக்குப் பரவலாகத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட்டை ஜிபி தாமாக எழுதித் தருவது அரிது. மூட்டுவாத நிபுணரின் ஒப்புதல் வேண்டும், அந்தச் சந்திப்புக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். அதனால் மூன்று மாத மருந்து, மருத்துவர் கடிதம், கடைசி ரத்தப் பரிசோதனை முடிவுகள் மூன்றும் கைப்பையில் வரட்டும். கடிதத்தில் மருந்தின் பொதுப்பெயர் இருக்க வேண்டும். 'ஃபோலிட்ராக்ஸ்' என்று இந்திய வணிகப் பெயரைச் சொன்னால் இங்குள்ள பார்மசியில் விழிப்பார்கள்.

பெரிய ஆபத்து மாத்திரையின் அளவில்தான். இந்தியாவில் 10 அல்லது 15 மில்லிகிராமை ஒரே மாத்திரையாக வாங்கியிருப்பீர்கள். இங்கே பெரும்பாலும் 2.5 தான் தருவார்கள். 15 வேண்டுமென்றால் ஆறு மாத்திரை. பழைய பழக்கத்தில் ஒன்று மட்டும் போட்டால் வீக்கம் திரும்பும். மிச்சமிருக்கும் ஊர் மாத்திரையில் ஆறு போட்டாலோ 90 மில்லிகிராம், உயிருக்கே உலை. இரண்டையும் ஒரே டப்பாவில் வைக்காதீர்கள். வாரத்தில் ஒரே நாள்தான்; கிழமையைப் பெட்டி மேலேயே எழுதுங்கள். மறந்துவிட்டால் இரண்டு நாளுக்குள் போடலாம், அதைத் தாண்டினால் அந்த வாரம் வேண்டாம். பக்கவிளைவைக் குறைக்கத் தரும் ஃபோலிக் ஆசிட் வேறு கிழமையில்.

சிறுநீர்த் தொற்றுக்கு இங்கே சாதாரணமாக எழுதப்படும் டிரைமெத்தோபிரிம் இதோடு சேரவே கூடாது. எலும்பு மஜ்ஜையில் ரத்த அணு உற்பத்தி முடங்கும். எந்த ஆன்டிபயாடிக் தந்தாலும் "மெத்தோட்ரெக்சேட் போடுகிறேன்" என்று முதலில் சொல்லுங்கள். காய்ச்சல், தொண்டை வலி, வாய்ப்புண், மூச்சுத்திணறல் வந்தால் அடுத்த வேளையை நிறுத்திவைத்து அன்றே ஜிபியையோ மருத்துவ உதவித் தொலைபேசி எண் 111ஐயோ அழையுங்கள். ரத்தப் பரிசோதனையைத் தவறவிட்டால் மருந்துச்சீட்டே நின்றுபோகலாம்.

நாட்டு மருந்தை மறைக்க வேண்டாம். பற்பம், செந்தூரம் சிலவற்றில் ஈயமும் பாதரசமும் இருக்கும். அமுக்கரா, மஞ்சள் காப்ஸ்யூல்கள் ஈரலைப் பாதிக்கலாம். மெத்தோட்ரெக்சேட்டும் அதே ஈரலைத்தான் சோதிக்கிறது. குழம்பில் போடும் மஞ்சளை யாரும் குறை சொல்லவில்லை. பெயரில்லாப் பொட்டலத்தில் வந்த 'வாத மாத்திரை' சட்டென்று வலியை நிறுத்தினால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். வாரக்கணக்கில் சாப்பிட்டதைத் திடீரென்று விட்டால் மயக்கம், ரத்த அழுத்தச் சரிவு வரலாம். ஆகவே பொட்டலத்தோடு போய் மருத்துவரிடம் காட்டிவிட்டுக் குறையுங்கள்.

செலவு: 2025 நிலவரப்படி மருந்து ஒன்றுக்கு 9.90 பவுண்டு. ஆண்டுக்கு 11 மருந்துக்கு மேல் வாங்குவீர்கள் என்றால், ஆண்டு முழுவதற்கும் முன்பே 114.50 பவுண்டு கட்டிப் பெறும் முன்பணச் சான்றிதழ் லாபம். 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு இலவசம். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் யாருக்கும் கட்டணமில்லை.