ஞாயிறு மாலைக்கு நான்கு தேயிலை

குன்னூரில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் சலிப்பு அறையில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்தேன். வாட்டி, உருட்டி, உலர்த்திய தேயிலையைச் சல்லடைகளில் விட்டு ரகம் பிரிக்கும் அறை அது. ஓய்வு பெற்ற பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மாலை நான்கு மணிக்கு எங்கள் வீட்டில் ஐந்தாறு பேர் கூடுகிறோம். ஆளுக்கொரு தேயிலை, ஆளுக்கொரு பழக்கம். இப்படியொரு மாலையைத் தங்கள் வீட்டிலும் தொடங்க நினைப்பவர்களுக்காக, கைப்பழக்கத்தில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த மாதம் ஒரு தேயிலை, அடுத்த மாதம் இன்னொன்று என்று குடித்தால் நாக்குக்கு நினைவு நிற்காது. இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடியுங்கள். அதுவரை "டீ என்றால் டீதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கூட இரண்டாவது மிடறில் நிமிர்ந்து உட்காருவார். இதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

தொடக்கத்துக்கு நான்கு வகை போதும். எதையும் நூறு கிராமுக்கு மேல் வாங்க வேண்டாம். வழக்கமாக வீட்டில் போடும் டீத்தூள் ஒன்று. நீலகிரியின் ஆர்த்தடாக்ஸ் இலைத் தேயிலை ஒன்று. பச்சைத் தேயிலை ஒன்று. வெளி மண்ணில் விளைந்தது ஒன்று: அசாம், டார்ஜிலிங், இலங்கை, எதுவானாலும் சரி.

நான்கும் ஒரே செடிதான் என்று சொன்னால் வருகிறவர்கள் நம்பமாட்டார்கள். வெட்டிய வாழைக்காய் காற்றுப் பட்டுக் கறுக்கிறதல்லவா, அதைச் சொல்லி விளக்குவேன். கசங்கிய கொழுந்தும் காற்றுப் பட்டால் செம்பு நிறமாகும். மணமும் சாயமும் அப்போதுதான் பிறக்கின்றன. தொழிற்சாலையில் இதைப் புளிக்கவைப்பது என்போம். முழுக்கச் சிவக்கவிட்டு உலர்த்தினால் கறுப்புத் தேயிலை. பறித்ததும் ஆவியிலோ சூட்டிலோ காட்டி, சிவக்கவிடாமல் தடுத்துவிட்டால் பச்சைத் தேயிலை. இடையில் நிறுத்தினால் ஊலாங். சி.டி.சி. என்பது பல் வைத்த உருளைகளுக்கு நடுவே கொழுந்தை நசுக்கி, கிழித்து, சுருட்டிக் குருணையாக்குவது. அதனால்தான் டீத்தூள் நொடியில் சாயம் விடுகிறது. ஆர்த்தடாக்ஸில் இலையை முறுக்குவதோடு சரி. சாயம் இறங்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஒரு கிலோ தேயிலைக்கு நான்கரை, ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து போகிறது. நல்ல இலையென்றால் அத்தனையும் விரல்களால் ஒவ்வொன்றாகக் கிள்ளியது என்பதை நினைத்தால், காய்ச்சும்போது கைக்குத் தானாகவே கவனம் வந்துவிடும்.

அடுத்தது தண்ணீர். சமவெளியிலிருந்து வரும் உறவினர்கள், "நீங்கள் கொடுத்த அதே இலைதான், எங்கள் வீட்டில் இந்த ருசி வரவில்லையே" என்பார்கள். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் தேநீர் மங்கிப்போகும். மேலே மெல்லிய ஏடு படியும். குடிக்க வைத்திருக்கும் நல்ல தண்ணீரையே எடுங்கள். புதிதாகப் பிடித்து, ஒரே ஒரு முறை கொதிக்கவிடுங்கள். குன்னூர் ஆறாயிரம் அடி உயரத்தில் இருப்பதால் எங்கள் அடுப்பில் தண்ணீர் 94 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடுகிறது. கறுப்புத் தேயிலைக்கு அது போதும். பச்சைத் தேயிலைக்கு அதுவே அதிகம்.

பச்சைத் தேயிலை கசக்கிறது என்று ஒதுக்குகிறவர்களில் பெரும்பாலோர் கொதிநீரை அப்படியே ஊற்றியவர்கள். 75, 80 டிகிரிதான் அதற்குக் கணக்கு. வெப்பமானி தேடி அலைய வேண்டாம். கொதித்த தண்ணீரை ஒரு டம்ளரில் ஊற்றி, அதிலிருந்து இன்னொரு டம்ளருக்கு ஒரே ஆற்றாக ஆற்றுங்கள். ஒவ்வொரு முறை பாத்திரம் மாறும்போதும் பத்து டிகிரிவரை இறங்கும். பிறகு இலையைப் போட்டு இரண்டு நிமிடம். அவ்வளவுதான். இலையை அதில் ஊறவிட்டுவிட்டுப் பேச்சில் மூழ்கினால் கசப்புக்கு இலையைக் குறை சொல்ல முடியாது.

இப்போது ஒப்பிட்டுப் பார்க்கும் முறை. தேயிலை ருசி பார்ப்பவர்களுக்கு உலகப் பொதுவான அளவு ஒன்று உண்டு: நூறு மில்லி தண்ணீருக்கு 2 கிராம், ஆறு நிமிடம். குடிப்பதற்கு அது மிகக் கடுமை; குறைகள் வெளியே தெரிய வேண்டும் என்பதற்காக வைத்த அளவு அது. வீட்டுக்கு 150 மில்லிக்கு 2 கிராம், மூன்று நிமிடம் என்று வையுங்கள். ஒரு தேக்கரண்டித் தூள் இரண்டு கிராமைத் தாண்டும். முறுக்கிய இலை அதே கரண்டியில் அவ்வளவு நிற்காது, கூம்பாக ஒன்றரைக் கரண்டி எடுக்க வேண்டும். கரண்டிக் கணக்கை நம்பி இலையைக் குறைத்துப் போட்டுவிட்டு, "இலைத் தேயிலையில் ஒன்றுமில்லை" என்று முடிவு கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

வெள்ளைப் பீங்கான் கிண்ணங்களில் வடித்து வரிசையாக வையுங்கள். உடனே குடிக்காதீர்கள். வடிகட்டியில் தங்கிய இலையை முதலில் முகர்ந்து பாருங்கள். மணம் முழுக்க அந்தச் சூடான இலையில்தான் இருக்கிறது. பிறகு கிண்ணத்தின் ஓரத்தில் சாயம் எப்படி மினுங்குகிறது என்று பாருங்கள். அதன்பின் ஒரு கரண்டி எடுத்து, சத்தம் வரும்படி காற்றோடு உறிஞ்சுங்கள். சபையில் இப்படி உறிஞ்சலாமா என்று கூச்சப்பட வேண்டாம். காற்றோடு போனால்தான் மணம் மூக்கின் பின்புறம்வரை ஏறும். எங்கள் தொழிற்சாலையில் ருசி பார்த்தவர் உறிஞ்சும் சத்தம் சலிப்பு அறைவரை கேட்கும்.

அசாம் வாயை நிறைக்கும், கொஞ்சம் வறுத்த தானியத்தின் வாடை. டார்ஜிலிங் வெளிறிய நிறம், மணமே முதல். நீலகிரி இவற்றுக்கு நடுவில் தெளிவாக நிற்கும். அதிலும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, உறைபனி விழும் இரவுகளை ஒட்டிப் பறிக்கும் கொழுந்தில் செய்த பனிக்காலத் தேயிலையை ஒருமுறையாவது குடித்துப் பாருங்கள். குளிரில் செடி மெதுவாக வளர்கிறது. மணம் கொழுந்திலேயே திரண்டு நிற்கிறது. சென்ற தையில் எடுத்த ஒரு சிட்டிகையை நேற்றுதான் கண்ணாடிக் குவளையில் போட்டேன். கறுத்துச் சுருண்ட கம்பிபோல் அடியில் கிடந்தது, ஒரு நிமிடத்தில் நுனி அவிழ்ந்தது. இரண்டாவது நிமிடத்தில் காம்பு நிமிர்ந்து, இரண்டு இலையும் நடுவில் மொட்டும் தனித்தனியாகத் தெரிந்தன. ஆவியில் பூ வாசனை. அதில் பால் ஊற்ற எனக்கு மனம் வராது.

மற்றபடி நான் பாலுக்கு எதிரியல்ல. சி.டி.சி. தூள் பாலுக்காகவே பிறந்தது. டீக்கடை ருசி வீட்டில் ஏன் வருவதில்லை என்று கேட்பவர்கள் கடைக்காரரின் கையைக் கொஞ்ச நேரம் கவனித்தால் போதும். பாய்லரில் தண்ணீர் ஓயாமல் கொதிநிலையில் இருக்கும். துணிப்பையில் தூளைப் போட்டு, அந்த நீரை ஊற்றி டிகாஷன் இறக்குகிறார். பால் தனியே காய்ந்து காய்ந்து திக்காகியிருக்கும். இரண்டும் சேர்வது டம்ளரில்தான். சேர்த்த கையோடு உயர்த்தி ஆற்றுகிறார், நுரை கட்டுகிறது. வீட்டில் நாமோ தண்ணீரும் பாலும் தூளும் சர்க்கரையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்கவிட்டுக் காத்திருக்கிறோம். ஒரு ஞாயிறு மட்டும் மாற்றிச் செய்யுங்கள். ஒரு டம்ளருக்கு ஒரு தேக்கரண்டித் தூள், நூறு மில்லி கொதிநீர். மூடி வைத்து மூன்று நிமிடம். பாலைத் தனியே பொங்கவிட்டுச் சுண்டவையுங்கள். வடித்த டிகாஷனில் பாலை ஊற்றி மூன்று முறை ஆற்றுங்கள். இஞ்சி வேண்டுமென்றால் தட்டித் தண்ணீரிலேயே கொதிக்கவிடுங்கள். பச்சையாகப் பாலில் போட்டால் சில நேரம் திரிந்துவிடும்.

இனி, பழக்கங்களைப் பகிர்ந்துகொள்வது. வருகிறவர்களிடம் "உங்களுக்கு என்ன டீ வேண்டும்" என்று கேட்பதில்லை. "உங்கள் வீட்டில் எப்படிப் போடுவீர்கள், இன்று நீங்களே போடுங்கள்" என்று அடுப்பை விட்டுக்கொடுத்துவிடுவேன். ஒருவர் தேநீர் போடுவதைப் பார்க்கும்போது அவருடைய அம்மாவின் சமையலறையே தெரியும்.

கோழிக்கோட்டிலிருந்து இங்கே வாழ வந்த அண்டை வீட்டு அக்கா சுலைமானி போடுவார். பால் இல்லாமல், ஏலக்காயும் கிராம்பும் தட்டிப் போட்டு, அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சை பிழிவார். எலுமிச்சை விழுந்ததும் கருஞ்சிவப்பு பொன்னிறமாக மாறும். பேரப்பிள்ளைகள் அதைப் பார்ப்பதற்காகவே வருகிறார்கள். வெலிங்டனில் ஓய்வு பெற்ற ராணுவ அண்ணன் ஒருவர் லடாக்கில் இருந்தபோது பழகிய வெண்ணெய்த் தேநீரைப் போட்டுக் காட்டினார்: கடுஞ்சாயம், உப்பு, வெண்ணெய், எல்லாம் சேர்த்துக் கடைந்தது. தேநீர் என்று நினைத்துக் குடித்தால் முகம் சுளிக்கும். சூப் என்று நினைத்துக் குடியுங்கள் என்றார், அது சரியாக இருந்தது. இங்கே உறைபனி இரவில் அதன் அருமை புரிகிறது.

என் பங்கு, அம்மாவின் வெறுந்தேத்தண்ணீர். நாங்கள் இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர்கள். தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் செய்த 1964ஆம் ஆண்டு ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, எனக்குப் பத்து வயதிருக்கும்போது தலைமன்னாரிலிருந்து கப்பலேறி இராமேசுவரம் வந்து, பிறகு இந்த மலைக்கு வந்தோம். இப்படித் தாயகம் திரும்பியோருக்காக அரசு தொடங்கி, 1976இல் டான்டீ என்ற அரசு நிறுவனத்தின் கீழ் வந்த தோட்டத்தில் அம்மா கொழுந்து பறித்தார். மலையிலிருந்து இறங்கியதும் கூடையைக்கூடச் சரியாக வைக்காமல் அடுப்பு மூட்டுவார். சாயம் கறுப்பாக இருக்கும். சீனியை அதில் போடமாட்டார். இடது உள்ளங்கையின் குழியில் ஒரு கரண்டிச் சீனி. கறை ஏறி வெடித்த அந்தக் கையிலிருந்து நாக்கு நுனியால் துளி சீனி, உடனே ஒரு மிடறு சாயம். டம்ளர் தீரும்போது உள்ளங்கையும் காலியாகும். சீனி பங்கீட்டில் கிடைத்த காலத்துச் சிக்கனம் என்று பலர் நினைக்கிறார்கள். ருசிக்கும் அதுதான் சரியான வழி: ஒவ்வொரு மிடறிலும் முதலில் இனிப்பு, பிறகு தேயிலையின் துவர்ப்பு தனியாக வந்து நிற்கும். கலக்கிவிட்டால் இரண்டும் மழுங்கிவிடும். சர்க்கரையைக் குறைக்க நினைப்பவர்கள் இப்படிக் குடித்துப் பாருங்கள், அரைக்கரண்டியே மிஞ்சும். சீனிக்குப் பதில் வெல்லத் துண்டைக் கடித்துக்கொள்வதும் உண்டு.

மறக்கக் கூடாதவை இரண்டு. சாப்பாட்டோடு சேர்த்துத் தேநீர் குடிக்காதீர்கள். உணவிலுள்ள இரும்புச் சத்து உடலில் சேருவதை அது குறைக்கும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். இரத்தசோகை உள்ள பெண்களுக்கு இதை நான் வற்புறுத்திச் சொல்வேன். இன்னொன்று, தேயிலை பக்கத்திலிருக்கும் எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். சீனாவில் மல்லிகையோடு வைத்து மணமேற்றுவது இதனால்தான். அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்த கால் கிலோ நல்ல இலை ஒருமுறை பெருங்காய வாடை ஏறி வீணானது. அன்று முதல் இறுக மூடும் தகர டப்பாவில், அலமாரியின் வேறு தட்டில் வைக்கிறேன்.

கோடையில் கூடுவதானால் அடுப்பே வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீரில் பத்து கிராம் நீலகிரி இலையைப் போட்டு இரவு முழுவதும் குளிர்பெட்டியில் வைத்து, காலையில் வடித்துவிடுங்கள். குளிர்ந்தாலும் எங்கள் தேயிலை கலங்காது, கண்ணாடிபோல் நிற்கும்.

வரும் ஞாயிறு தூத்துக்குடியிலிருந்து மருமகளின் அம்மா வருகிறார். கருப்பட்டி கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். பனிக்காலத் தேயிலையில் இன்னும் ஒரு பிடி மீதமிருக்கிறது.